அக்கா ஒட்டிய ரப்பர்

மூன்றாவது ஆட்டத்தில் அத்தான் ஓங்கி அடித்த பந்து, மேசைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் போய் மோதி, சங்கச் செயலாளரின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

"டம்ளர்ல போடறதுக்கு பாயின்ட் உண்டுன்னா நீங்கதான் சார் சாம்பியன்," என்றார் செயலாளர். மருந்துக் கடை வைத்திருப்பவர். பந்தை எடுத்து உதறிவிட்டு அதே டீயைக் குடித்தார்.

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவருடைய ஜோடியாகப் பக்கத்தில் நின்ற மச்சானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தான் சிரிக்கும் ரகம் இல்லை. அடி தப்பினால் மேசையோடு சண்டை போடுவார், பந்தைக் குறை சொல்லுவார், மின்விசிறியை நிறுத்தச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் தோற்றுவிட்டுச் சிரிக்கிறார் என்றால் உள்ளே ஏதோ விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

டேபிள் டென்னிஸ் மட்டை என்பது வெறும் மரப்பலகைதான். அதன் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பரில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல ரப்பரில் விரலை வைத்து இழுத்தால் விரல் மாட்டிக்கொள்ளும். பந்தையும் அப்படித்தான் பிடித்துச் சுழற்றி அனுப்பும். அத்தானின் ரப்பர் உயிரை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பளபளவென்று, தலை வாரிக்கொள்ளலாம் போல் இருந்தது. மச்சானின் மட்டையும் அதே லட்சணம்தான். ஏன் மாற்றவில்லை என்று கூடத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் கடைசியாக ஒட்டியது அக்கா. அத்தானின் மனைவி, மச்சானின் கூடப் பிறந்தவள். ஒட்டிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

படியிறங்கும்போது அத்தான் சொன்னார். "இதோட போதும்டா. நீ வேற ஜோடி பாத்துக்கோ."

"என்ன அத்தான் திடீர்னு?"

"திடீர்னு என்ன. பந்து என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. வயசாச்சு. உன்னையும் சேத்து எதுக்குக் கவுக்கணும்?"

"வயசாகல. ரப்பர்தான் போச்சு. மாத்திட்டா சரியாயிடும்."

பேச்சு அந்த இடத்துக்கு வந்தால் அவருக்குக் காது கேட்காது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, வீட்டு வாசலில் இறங்கி, "பாத்துப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மச்சான் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அவருக்குப் பயமாக இருந்தது. தோல்விக்குப் பயமில்லை, அது பழகிப்போனது. அக்கா போன பிறகு இந்த வீட்டுக்கு அவர் வருவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தவிர வேறு காரணமே இல்லை. வருவார், வாசலில் நின்று ஹாரன் அடிப்பார், அத்தான் மட்டையோடு வருவார். உள்ளே போனதே இல்லை. அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அக்கா இருந்தவரை அது அக்கா வீடு. இப்போது அது யார் வீடு, அவருக்கு அங்கே என்ன வேலை? ஆட்டமும் நின்றுவிட்டால், எங்கேயாவது கல்யாணத்தில் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுக்கொள்கிற உறவாகப் போய்விடும்.

இத்தனைக்கும் மச்சான் என்பது அவர் பெயரே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு, சட்டையில்கூட தைத்திருக்கும். கூடத்தில் சேர்ந்த புதிதில் அத்தான் வாய்க்கு வாய் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட, கேலிக்காக மற்றவர்களும் கூப்பிட, நேற்றுச் சேர்ந்த கல்லூரிப் பையன்களுக்குக்கூட அவர் மச்சான் ஆகிவிட்டார். அத்தான் வராத கூடத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

அக்கா ஆடினவள் இல்லை. சங்கத்துக்கு வந்தால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். வேலை, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில். வேன் கதவு அளவுக்குப் பெரிய ஸ்டிக்கரை ஒரு குமிழி இல்லாமல் ஒட்டிவிடுவாள். அந்தக் கைக்கு மட்டை ரப்பர் எம்மாத்திரம்? கல்யாணமான புதிதில் அத்தான் தானே ஒட்டிய ரப்பர், ஆட்டத்தின் நடுவில் பாதி பிரிந்து கொடி மாதிரி ஆடியதைப் பார்த்துவிட்டு மட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு திருப்பித் தரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ரப்பரைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். கடையில் உறையைப் பிரிக்கச் சொல்லி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். ரப்பர் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பந்தை உருட்டிவிட்டு, எங்கே தயங்குகிறது என்று கவனிப்பாள். அத்தான் எப்போதும் இருப்பதிலேயே வேகமானதைத்தான் கேட்பார். அவள் இருப்பதிலேயே நிதானமானதைத்தான் வாங்குவாள்.

"உங்களுக்குக் கை முன்னால போகும், புத்தி பின்னால வரும். ரப்பராவது பொறுமையா இருக்கட்டும்."

அத்தான் நில அளவையாளர். நாட்டு நிலத்தையெல்லாம் அங்குலம் தப்பாமல் அளக்கிற மனிதர், கையில் மட்டை வந்தால் மேசையின் நீளத்தை மறந்துவிடுவார். அதனால் எதிர்த்துப் பேச வழியில்லை. மச்சானுக்கு நேர்மாறு. "நீ சோம்பேறி. பந்து தானா போகணும் உனக்கு," என்று கனத்த ஸ்பாஞ்சு வைத்த வேகமான ரப்பரை எடுத்துக் கொடுப்பாள்.

அந்தக் காலத்துப் பசை வேறு. டப்பாவைத் திறந்தால் சைக்கிள் கடை மாதிரி மணக்கும். அதைத் தடவி ஒட்டினால் ரப்பர் உப்பி, பந்து பட்டதும் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். ஆனால் அந்த வேகம் ஒரே நாள்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் உரித்து, தடவி, மறுபடி ஒட்ட வேண்டும். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு அக்கா சாப்பாட்டு மேசையில் ஒட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பசை வாசனை பிடித்த மச்சான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பார். "இவனை வெளிய கொண்டுபோய்க் காத்துல காயப்போடுங்க," என்பாள் அக்கா. அதற்கும் சிரிப்பார். அத்தான் ஒரு காதில் வானொலியும் ஒரு காதில் இந்தச் சிரிப்புமாகக் கால் நீட்டிப் படுத்திருப்பார். மச்சானுக்கு வாழ்க்கையில் எந்த நாளைத் திருப்பித் தரட்டும் என்று யார் கேட்டாலும், யோசிக்காமல் அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றைத்தான் கேட்பார்.

பிறகு அந்தப் பசை உடம்புக்குக் கெடுதல் என்று ஆட்டத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். பால் மாதிரி வெள்ளையாக, வாசனையே இல்லாத தண்ணீர்ப் பசை வந்தது. அதில் ஒரு முறை ஒட்டினால் ரப்பர் தேயும்வரை உரிக்க வேண்டியதில்லை. உலகத்தில் எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் அந்தத் தடைக்கு வருத்தப்பட்டிருக்கலாம். மச்சான் அளவுக்கு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை போவதற்குக் காரணம் போய்விட்டதே. மூஞ்சியைத் தொங்கப்போட்டு நின்ற தம்பியைப் பார்த்து அக்கா சொன்னாள்: "ஒட்டறதுக்கு இல்லன்னா சாப்பிடறதுக்கு வா. உனக்குக் காரணம் வேற வேணுமா?"

இப்போது வேண்டியிருந்தது.

*

அந்த வாரம் மச்சான் விளையாட்டுச் சாமான் கடைக்குத் தனியாகப் போனார். கடைக்காரர் கேட்ட கேள்வியில் திருதிருவென்று முழித்தார்.

"ஸ்பாஞ்சு எத்தன மில்லி? சாஃப்டா, ஹார்டா?"

"கொஞ்சம் கோவக்காரருக்கு," என்றார் மச்சான்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மச்சானுக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு உறையைப் பிரிக்கச் சொல்லி, அக்கா செய்தபடியே கட்டைவிரலால் அமுக்கினார். என்ன தெரிய வேண்டும் என்று தெரியாமலே அமுக்கினார். பந்தை உருட்டிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் எல்லாப் பந்தும் ஒரே மாதிரிதான் உருண்டது. கடைசியில், பந்து கொஞ்சம் சோம்பலாக உருண்டது போல் பட்ட ஒரு ரகத்தை அத்தானுக்கும், விலகி ஓடியது போல் பட்ட ஒன்றைத் தனக்கும் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் ஹாரன் அடிக்காமல் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த அத்தான் அவர் கையில் இருந்த பையைப் பார்த்தார். பசை பாட்டில் வெளியே தெரிந்தது.

"எதுக்கு இதெல்லாம்? நான்தான் ஆடலன்னு சொல்லிட்டேனே."

"நீங்க ஆட வேணாம். நான் என்னோடத ஒட்டிக்கறேன். என் வீட்ல மேசை சின்னது."

அது பச்சைப் பொய். அத்தானுக்கும் தெரியும். ஆனால் மேசையைக் கேட்டு வந்தவனை எப்படி விரட்டுவது? வழி விட்டார்.

மச்சான் செய்தித்தாளை விரித்து, தன் மட்டையின் நுனியில் நகத்தைக் கொடுத்து ரப்பரைப் பிடித்து இழுத்தார். 'பர்ர்' என்று சத்தம். அத்தான் சமையலறைக்குப் போவதுபோல் போனவர், பாதியில் திரும்பினார்.

"அப்படி இழுக்காதடா. மரம் பேந்துரும். கைப்பிடிப் பக்கத்துலேந்து எடு. மெதுவா உருட்டிக்கிட்டே போ."

"எனக்கு வரல அத்தான்."

"இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தப் பாத்த?"

"நான் எங்க பாத்தேன். நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

அத்தான் உட்கார்ந்துவிட்டார். மட்டையை வாங்கி, மூலையை நிமிண்டி, இரண்டு கையாலும் உருட்டினார். ஆடாமல் அசையாமல் வானொலி கேட்டுக்கொண்டு படுத்திருந்த மனிதர் அத்தனையையும் பார்த்து வைத்திருக்கிறார். ரப்பர் முழுசாகக் கழன்று வந்தது. கீழே மரம் புதுசு மாதிரி வெளுப்பாக இருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"நான் என்ன நெனச்சேன்னா," என்றார் அத்தான், "இத உரிச்சா அவ கை வெச்ச கடைசி எடமும் போயிடும்னு."

"எனக்கும் அதே நெனப்புதான். அதனாலதான் நானும் மாத்தல."

"நீ எனக்காக மாத்தாம இருக்கேன்னு நான் நெனச்சேன்."

"அதுவும்தான்."

அத்தான் எழுந்து போய்த் தன் மட்டையை எடுத்து வந்தார். கொஞ்ச நேரம் ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அப்புறம் உரித்தார். முகத்தை மச்சானுக்குக் காட்டாமல் உரித்தார். மச்சானும் பசை பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாதவர் மாதிரி மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, இருவருக்கும் வந்தது, அதை இருவரும் அவரவர் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

மூடி உண்மையிலேயே திறக்கவில்லை. "அந்த டப்பால பாரு," என்று அலமாரியைக் காட்டினார் அத்தான். உள்ளே ஒரு பழைய சிவப்பு ரப்பர் துண்டு. மூடி திறக்க அக்கா வைத்திருந்தது. அப்போதுதான் மச்சான் சுற்றும் முற்றும் பார்த்தார். தையல் மிஷின் நகராமல் இருக்க அடியில் ரப்பர். சோப்புப் பெட்டிக்குள் வட்டமாக வெட்டிய ரப்பர். கதவு சுவரில் இடிக்காமல் இருக்க ஒரு துண்டு. அக்கா எதையும் தூக்கிப் போட்டவள் இல்லை. இந்த வீடு நிற்பதே பழைய ரப்பரின் மேல்தான்.

"ஃபிரிட்ஜ் ஒரு பக்கமா ஆடுது," என்றார் அத்தான். உரித்த ரப்பரை நான்காக மடித்து அதன் காலடியில் செருகினார். ஃபிரிட்ஜ் ஆடுவதை நிறுத்தியது. அத்தானின் குரலும் சமநிலைக்கு வந்தது.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. கைப்பிடிகளில் அக்கா சுற்றியிருந்த துணி நாடா வியர்வையில் ஊறி நாறியது. இரண்டையும் அவிழ்த்தார்கள். மரத்தில் காய்ந்திருந்த பழைய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்து, மேசை சுத்தம் பண்ணும்வரை இரண்டு மட்டைகளையும் ஜன்னல் மேடையில் வைத்தார் மச்சான். அத்தான் டீ போட்டார். குடித்துவிட்டு ஆளுக்கொரு மட்டையை எடுத்து உட்கார்ந்தார்கள். பசையைத் தடவி, அது வெள்ளை போய்க் கண்ணாடியாக மாறும்வரை காத்திருந்தார்கள். பேச விஷயம் இருந்தது. அக்கா ஒரு தடவை கோபத்தில் அத்தானின் மட்டையில் வேண்டுமென்றே ஓட்டை ரப்பரை ஒட்டி அனுப்பியதையும், அதில் அத்தான் ஜெயித்து வந்து அவளைக் கடுப்பேற்றியதையும் பேசிப் பேசிச் சிரித்தார்கள். பசை வாசனை இல்லாமலே மச்சானுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அத்தான் தனக்கென்று வந்த சோம்பல் ரப்பரை ஒட்டினார். மச்சான் தன் வேகமான ரப்பரை ஒட்டினார். கண்ணாடி பாட்டிலை வைத்து உருட்டினார்கள். ஓரத்தில் மிஞ்சியதை வெட்டினார்கள். கைப்பிடிகளுக்குப் புது நாடா சுற்றினார் அத்தான். நன்றாகத்தான் சுற்றினார்.

கடைசியாக மச்சான் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்ட உட்கார்ந்தார். தன் மட்டையின் ஓரமாக விரலை ஓட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். விரலில் பள்ளம் தட்டுப்பட்டது. ஒன்றல்ல, வரிசையாகப் பல. அவர் ஜென்மத்தில் மேசை விளிம்பில் மட்டையை அடித்தவர் இல்லை. அப்படி அடிப்பவர் ஒரே ஒருவர்தான், அவர் எதிரே உட்கார்ந்து நாடாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா இரண்டு மட்டையையும் ஒரே கடையில் ஒரே ரகமாக வாங்கியிருந்தாள், சண்டை வரக்கூடாது என்று. ஜன்னல் மேடையில் ரப்பரும் நாடாவும் இல்லாமல் கிடந்தபோது எது எவருடையது என்று இருவருமே பார்க்கவில்லை. இவ்வளவு காலம் ஆடிய இரண்டு கிழட்டு ஆட்டக்காரர்கள் மட்டை மாறிப்போய் ஒட்டிவிட்டார்கள். மச்சான் ஒட்டிய வேக ரப்பர் அத்தானின் மரத்தில் இருந்தது.

சொல்லிவிடலாம். சொன்னால் நான்கு பக்கமும் உரிக்க வேண்டும். புது ரப்பர் கிழியும். அதைவிட, அத்தான் இன்னொரு முறை உரிப்பாரா? "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, விடு," என்று எழுந்துவிட்டால்? இப்போதுதான் மனிதர் வாயைத் திறந்து சிரித்திருக்கிறார். மச்சான் பள்ளங்களின் மேல் டேப்பை இழுத்து ஒட்டி மூடினார்.

"நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம்," என்றார். "ரப்பர் எப்படி இருக்குன்னு பாக்க."

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அத்தான்.

*

மறுநாள் எதிர்ப் பக்கம் செயலாளரும் ஒரு கல்லூரிப் பையனும். முதல் பந்தை அத்தான் நிதானமாகத் திருப்பினார். பந்து வழுக்கவில்லை. பிடித்துச் சுழன்று, வலைக்கு மேலே ஏறி, மூலையில் விழுந்தது. செயலாளர் எட்டவே இல்லை. "அடேயப்பா," என்றான் பையன். இரண்டாவதும் அப்படியே. மச்சான் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பந்துக்கு முன் அத்தான் நின்றார். கைப்பிடியை விட்டுப் பிடித்தார். மறுபடி விட்டுப் பிடித்தார். மட்டையைத் திருப்பி, விளிம்பு டேப்பின் மேல் விரலை ஓட்டினார். பள்ளமே இல்லாமல் வழவழவென்று போயிற்று. தலை நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார்.

"இது உன் மட்டை."

"ஆமா அத்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே. டேப் ஒட்டும்போது."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

மச்சானுக்குச் சமாளிக்கத் தோன்றவில்லை. "சொன்னா உரிக்கணும். உரிச்சா நீங்க இனிமே வர மாட்டீங்கன்னு பயமா இருந்தது. நீங்க வரலன்னா நான் எந்த உரிமையில அந்த வீட்டுக் கதவத் தட்டறது?"

கையில் பந்தோடு நின்ற செயலாளர், "என்ன, ஆடறீங்களா, இல்ல குடும்ப விவகாரமா?" என்றார்.

"குடும்ப விவகாரம்தான். கொஞ்சம் இருங்க," என்றார் அத்தான், அந்தப் பக்கம் திரும்பாமலே.

மட்டையை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். மச்சானின் உள்ளங்கை அழுத்தி அழுத்திக் கைப்பிடி குழிந்திருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லைதான். பழக வேண்டியிருக்கும்.

"நல்லா ஒட்டியிருக்கு, இப்ப உரிக்க வேணாம்," என்றார். "தேயட்டும். அடுத்த தடவை உரிக்கும்போது மாத்திக்கலாம். அதுவரைக்கும் என்னோடத நீ பத்திரமா வெச்சிரு, உன்னோடத நான் வெச்சிருக்கேன்." தன் இடத்துக்கு நகர்ந்துகொண்டே, "சனிக்கிழமைக்கு மேசை காலியாத்தான் கெடக்கும். தட்டிட்டு நிக்காத, தொறந்துட்டு வா," என்றார்.

மச்சானுக்குக் கண் மறைத்தது. செயலாளர் பந்தை அவரிடம் உருட்டிவிட்டார், சர்வீஸ் அவருடையது. தூக்கிப் போட்ட பந்து எங்கே போனதென்று தெரியாமல் வீசி, காற்றை அடித்தார்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பந்தப் பாருடா மச்சான், பந்தப் பாரு," என்று கூடமே அதிரக் கத்தினார்.